மருந்து யார் கொடுப்பது?

குடல் அறுவை முடிந்து வீடு திரும்பிய ஒருவர் உங்கள் வீட்டில் இருந்து, அவர் ஒரு நாள் திடீரென்று குடித்தவர்போல நாக்குழறித் தள்ளாடினால், யாரையும் சந்தேகிக்காதீர்கள். அன்று காலை அவர் என்ன சாப்பிட்டார் என்று முதலில் பாருங்கள். இதைச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் இந்த இடத்துக்கு நான் வந்து சேர்ந்த வழி.

எனக்கு எதையும் நாள் போட்டு எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள் நான். அப்பா அங்கே ஃபிட்டர். தொழிற்சாலைச் சங்கை வைத்துத்தான் எங்கள் வீட்டில் பல் தேய்ப்பது முதல் விளக்கு அணைப்பது வரை நடக்கும். அந்த ஒழுங்கு எனக்கு நோட்டுப் புத்தகமாக ஒட்டிக்கொண்டது. மின்சாரம் போன நேரம், படித்து முடித்த புத்தகம், கிணற்றில் தண்ணீர் இறங்கிய படிகள் எல்லாம் எழுதுவேன். கல்யாணமாகிக் காட்டுப்பாக்கம் வந்த பிறகும் அதை விடவில்லை. ஆகவே கீழே வரும் நாள் கணக்கில் பிசகு இருக்காது. பிசகு வேறு இடத்தில் இருந்தது.

அறுவை நடந்த செவ்வாய்க்கிழமையை நாள் 0 என்று வைத்துக்கொள்கிறேன். 1988, ஐப்பசி அடைமழை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் நான் டெலிபோன் ஆபரேட்டர். மதியம் வயிற்றில் ஒரு பிடிப்பு வந்தது. மூன்று மணிக்கு நிற்க முடியவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பட்டறையில் டர்னராக இருக்கும் என் கணவர் ஏழுமலை ஓடி வந்து, என்னை ஆட்டோவில் ஏற்றிச் சென்னைக்குள் இருக்கும் பெரிய அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். சிறுகுடல் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டிருந்தது. ஈரத் துணியைப் பிழிய முறுக்குவோமே, அப்படி. முறுக்கிய இடத்தில் ரத்தம் நின்று குடல் கறுத்துப்போயிருந்தது. கறுத்ததை வெட்டி எடுத்தார்கள். ஆள் உயரத்தைப்போலப் பல மடங்கு நீளமுள்ள குடலில் எனக்கு மிஞ்சியது ஒன்றரை முழம். அதைப் பெருங்குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். பெருங்குடல் முழுதாக இருந்தது. அது நல்லது என்றார்கள். நல்லதுதான், ஆனால் பிறகு நடந்ததெல்லாம் அதற்குள்தான் நடந்தது.

நாள் 31 அன்று வீட்டுக்கு வந்தேன். எடை முப்பத்தொன்பது கிலோ. வீட்டில் எங்களைத் தவிர ஒரே ஆள் என் கணவரின் அக்கா கன்னியம்மா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். காட்டுப்பாக்கத்தில் அவர்கள் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் மனையாகப் போனது போக ஒரு கீரைப் பாத்தியும் ஒரு பசுவும் மிச்சம். அண்ணி திருமழிசையில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் செத்த பதினாறாம் நாள் ஒரு தகரப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். பிள்ளை இல்லை. எங்களுக்கும் இல்லை. அன்றிலிருந்து அடுப்பு அவளுடையது.

அண்ணிக்கு மெல்லப் பேச வராது. என்னைப் பார்த்த உடனே, "இன்னாடா ஏழுமல, பொண்டாட்டிய கூட்டினு வரச் சொன்னா எலும்புக்கூட இட்டாந்துகிற" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். மறுநாளிலிருந்து தொடங்கியது. இரண்டு மணிக்கு ஒரு தரம் குளுக்கோஸ் கரைத்த டம்ளர். இடையில் ஜவ்வரிசிக் கஞ்சி, சாத்துக்குடிச் சாறு, சர்க்கரை போட்ட நொய்க் கஞ்சி. வேண்டாம் என்று சொல்ல முடியாது. "காத்தடிச்சா பூந்தமல்லி வரிக்கும் பறந்துடுவ. இந்தா, குடி. டம்ளர் காலியாவற வரிக்கும் நான் இங்கயிருந்து நவர மாட்டேன்" என்று எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

சாப்பிடுவதை எழுதி வைக்கும்படி வார்டு நர்ஸ் சொல்லியிருந்தார். நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்தேன். நேரம், என்ன, யார் கையால். மூன்றாவது பத்தியை நர்ஸ் கேட்கவில்லை. எழுந்து நடமாடிய பிறகு யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறேன் என்று மறக்காமல் இருக்க நானாகச் சேர்த்தேன். பத்தி முழுக்க அண்ணி, அண்ணி, அண்ணி என்றே இருக்கும்.

நாள் 84 அன்று வேலைக்குத் திரும்பினேன். நாள் 97, காலை பதினொன்றேகால். டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருக்கிறேன். வந்த அழைப்புக்குக் கம்பெனி பெயரைச் சொல்ல வாய் திறந்தேன். சொல் வரவில்லை. சொல் தெரியும், மனசுக்குள் தெளிவாக இருக்கிறது, ஆனால் நாக்கு ஊறிய அவல்போல வாய்க்குள் கிடக்கிறது. இணைப்புக் கயிற்றைத் தவறான துளையில் செருகினேன். எடுத்து மறுபடி செருகினேன், மறுபடியும் தவறு. எழுந்தபோது தரை ஓடும் பஸ்ஸின் தரையாக இருந்தது. மூச்சு தானாக ஆழமாகவும் வேகமாகவும் போனது. ஓடி வந்தவள் மூச்சல்ல, யாரோ எனக்குள் இருந்து இழுக்கும் மூச்சு. மேற்பார்வையாளர் என் பக்கத்தில் குனிந்து மோப்பம் பிடித்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு மறுநாள் மாலை வரை ஒன்றும் இல்லை. நான் ஒன்றும் சாப்பிடாமல் கிடந்தேனாம். மாலையில் எழுந்து தெளிவாகப் பேசினேனாம்.

நாள் 112 அன்று வீட்டில் வந்தது. நாள் 120 அன்று மூன்றாவது. அன்று நான் என் கணவரைக் கெட்ட வார்த்தையால் திட்டினேன் என்று பிறகு தெரிந்தது. அந்த வார்த்தைகள் எனக்குத் தெரியும் என்பதே அவருக்கு அதிர்ச்சி. மறுபடி மருத்துவமனை.

பயம் என்றால் சாவு பயம் என்று நினைத்திருந்தேன். இது வேறு. தலையை ஸ்கேன் எடுக்கக் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, என் கம்பெனியின் உள் எண்களை இருபத்தொன்றிலிருந்து ஐம்பத்தாறு வரை பெயரோடு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். இருபத்தொன்று மேனேஜர், இருபத்திரண்டு ஸ்டோர்ஸ். ஒன்று தவறினால் அந்த இடத்தில் நான் கொஞ்சம் அழிந்துவிட்டேன் என்று அர்த்தம். எதிரே ஒரு அம்மாள் உட்கார்ந்து சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு காலத்தில் எதையாவது ஒப்பித்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருப்பாரோ என்று தோன்றியது. எண்ணிக்கையை விட்டுவிட்டேன். முதலிலிருந்து தொடங்கினேன்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மூன்று நாள் வாய்வழியாக ஒன்றும் தராமல் சலைன் ஏற்றினார்கள். தெளிந்துவிட்டேன். நாள் 121 காலையில், இன்னும் சலைன் ஓடிக்கொண்டிருந்தபோது, லீலா என்ற பயிற்சி டாக்டர் என் தாளைப் புரட்டியபடி, "வீட்ல மருந்து யாரு கொடுக்கிறது?" என்று கேட்டார். "எங்க அண்ணி" என்றேன். அவர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஆவடியிலிருந்து வந்திருந்த என் அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அம்மா திருநெல்வேலிக்காரி. இருபத்தைந்து வருஷம் ஆவடியில் இருந்தும் பேச்சு மாறவில்லை. "ஏட்டி, டாக்டரம்மா எதுக்கு அப்படிக் கேட்டாவ?" என்றாள்.

மருந்து என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு முகம். சீட்டில் எழுதித் தருவதும் மருந்து. வேண்டாதவர் சோற்றில் பிசைந்து வைப்பதும் மருந்து. இந்த இரண்டாவது மருந்து உள்ளே போய் ஒட்டிக்கொண்டு ஆளை மெலிய வைக்கும், பித்தாக்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். நம்பியதில்லை. பூந்தமல்லி கிளை நூலகத்தில் பாதி அலமாரியைப் படித்தவள் நான். ஆனால் அந்தப் பாதி அலமாரியில்தான் பாஷாணம் பற்றியும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் வெளியே தெரியாது என்பது பற்றியும் இருந்தது. டாக்டரே கேட்கிறார் என்றால் ரத்தத்தில் எதையோ பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்.

நோட்டை எடுத்தேன். மூன்று தாக்குதலுக்கும் முந்தைய ஆறு மணி நேரத்தைப் பார்த்தேன். மூன்றாவது பத்தியில் ஒரே பெயர். பென்சிலால் அடிக்கோடிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா என்னை வேலப்பன்சாவடி தாண்டி உள்ளே இருந்த ஒரு கிராமத்துக்கு அழைத்துப்போனாள். அங்கே ஒரு அம்மாள் மருந்து எடுப்பார். நாள் 131. முதல் நாள் மதியத்திலிருந்து வெறும் வயிறு. ஏதோ பச்சைச் சாறு கொடுத்து வாந்தி எடுக்க வைத்து, தாம்பாளத்தில் எதையோ காட்டினார். மயிர் சுற்றிய, அரக்குப் போன்ற ஒன்று. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று நாள் வெந்நீர் தவிர எதுவும் தொடக்கூடாது என்றார். நான் தொடவில்லை. நாள் 134 அன்று செய்தித்தாளின் முதல் பக்கத்தை ஒரு தடங்கல் இல்லாமல் உரக்கப் படித்தேன். அதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்?

நாள் 135. நான் தேறிவிட்டேன் என்று அண்ணி பாயசம் வைத்தாள். எனக்கு இரண்டு டம்ளர். குடிக்க மனசில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் காரணம் கேட்பாள் என்று குடித்தேன். மாலை நாலு மணிக்கு நாக்கு போயிற்று.

மறுநாள் நான் எழுந்து உட்கார்ந்தபோது கூடத்தில் அம்மாவும் அண்ணியும் எதிரெதிரே நின்றார்கள். அம்மா நோட்டைக் கையில் வைத்திருந்தாள். "எம் மவளுக்கு என்னத்த வச்ச? தாம்பாளத்துல எங் கண்ணால பாத்தேன்" என்றாள். அண்ணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குரல் இறங்கிப்போனது.

"மாங்காட்டு அம்மன் மேல சத்தியமா நான் ஒண்ணும் வெக்கல."

இதையே மூன்று தரம் சொன்னாள். மூன்றாவது தரம் என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று என் நாக்கு நன்றாகத்தான் இருந்தது.

என் கணவர் நடுவில் நின்று தரையைப் பார்த்தார். "அக்கா, நீ கொஞ்ச நாளு திருமழிசைல இரு. இவ தேறிகினா நானே வந்து இட்டாந்துடறேன்" என்றார். புருஷனின் பதினாறாம் நாளுக்குப் பிறகு அவள் கால் வைக்காத வீடு அது. கொழுந்தன் பொண்டாட்டி முகம் கொடுக்க மாட்டாள். அது எங்கள் மூவருக்கும் தெரியும். அண்ணி அதே தகரப் பெட்டியோடு பஸ் ஏறினாள்.

அம்மா என்னோடு தங்கினாள். அடுப்பு அவள் கைக்கு வந்தது. குளுக்கோஸ் பாக்கெட் புதிதாக வாங்கினோம், நானே கத்தரித்தேன். அம்மா அண்ணியைவிடத் தாராளம். டம்ளரில் கரண்டி நிற்கும் அளவுக்குப் போடுவாள். நாள் 149, காலை பத்து மணி. மறுபடியும் தரை ஓடத் தொடங்கியது.

தெளிந்தவுடன் அம்மா, பழைய மருந்தின் வேர் உள்ளே இன்னும் இருக்கிறது என்றாள். என் நோட்டு அதை ஒப்புக்கொள்ளவில்லை. பதின்மூன்று நாளாக மூன்றாவது பத்தியில் அண்ணி இல்லை. அம்மாதான் இருந்தாள். நான் அந்தப் பெயரையும் பென்சிலால் அடிக்கோடிட்டேன். கோடு போடும்போது கை நடுங்கியது என்று சொல்ல வேண்டும், ஆனால் நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைப் பயமுறுத்துகிறது. பெற்றவள் சோறு பிசைவதைக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். கணவர் தண்ணீர் கொடுத்தால் அவர் முதலில் ஒரு வாய் குடித்த பிறகு குடித்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் குடித்துக் காட்டினார். வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கடைசியில் எவர் கையாலும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். நாள் 157 அன்று கடைக்கு நானே நடந்துபோய், சீல் உடையாத கிரீம் பிஸ்கட் பாக்கெட் நாலும் இரண்டு பாட்டில் கலர் சோடாவும் வாங்கி வந்து, அறைக் கதவைத் தாழ்போட்டுத் தின்றேன். மறுநாள் காலையும் அதையே. நோட்டில் மூன்றாவது பத்தியில் "நான்" என்று எழுதினேன். நாள் 158, பதினொன்றரை மணிக்கு நாக்கு தடித்தது. இனிப் பழி சொல்ல வீட்டில் ஆள் இல்லை. எனக்குத் தெரியாமல் நானே எனக்கு வைத்துக்கொள்கிறேனா? இதுதான் என் கடைசித் தெளிவான நினைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். தாழ்ப்பாளை உடைத்து என்னைத் தூக்கினார்கள்.

இந்த முறை ரத்தப் பரிசோதனையில் ஒன்று தெரிந்தது. ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தது. நான் அப்படி மூச்சு வாங்கியது, அமிலத்தை மூச்சு வழியே வெளியேற்ற உடம்பு பட்ட பாடு. ஆனால் எந்த அமிலம் என்று தெரியவில்லை. சர்க்கரை நோயில் வருவது இல்லை. சிறுநீரகம் கெட்டால் வருவது இல்லை. தசை களைத்தால் ஊறும் லாக்டிக் அமிலமும் சரியான அளவில்தான் இருந்தது. கணக்கில் வராத ஒன்று உள்ளே இருந்தது. அதை எனக்குப் புரியும்படி டாக்டர் லீலா சொன்னபோது, நான் சுற்றிப் பார்த்துவிட்டு, மெல்ல, "விஷமா?" என்று கேட்டேன்.

"யாரு வெச்சாங்கன்னு நினைக்கிறீங்க?" என்றார் அவர்.

நோட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்று படித்தார். வெகுநேரம் படித்தார். என் கண்ணெல்லாம் அவர் விரல் மூன்றாவது பத்திக்கு எப்போது வரும் என்றே இருந்தது. அது வரவில்லை. அவர் விரல் இரண்டாவது பத்தியிலேயே மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. குளுக்கோஸ். ஜவ்வரிசி. பாயசம். குளுக்கோஸ். கிரீம் பிஸ்கட், கலர். நான் நூற்றிருபத்தேழு நாள் எழுதிய நோட்டில் என் கண்ணே படாத பத்தி அது.

"நான்தான கேட்டேன், மருந்து யாரு கொடுக்கிறதுன்னு" என்றார் திரும்பி வந்து, நான் அடிக்கோடிட்டிருந்த பெயர்களைப் பார்த்து. "மாத்திரைய வேளைக்கு எடுத்துக் கொடுக்க வீட்ல ஆள் இருக்கான்னு கேட்டேன். அவ்வளவுதான்."

அவர் பெரிய டாக்டரை அழைத்து வந்தார். பெரிய டாக்டர் அதிகம் பேசாதவர். குடல் குட்டையாகிப்போன சிலருக்கு இப்படி வருவதாக வெளிநாட்டில் எழுதியிருக்கிறார்கள், தான் இதுவரை பார்த்ததில்லை என்றார். அவர்கள் இருவரும் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். சாதாரணமாக நாம் சாப்பிடும் சர்க்கரையும் மாவுச்சத்தும் நீளமான சிறுகுடலிலேயே ரத்தத்தில் சேர்ந்துவிடும். என் ஒன்றரை முழத்தில் அது நடப்பதில்லை. பாதிக்கு மேல் அப்படியே பெருங்குடலில் போய் விழுகிறது. அங்கே கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. எல்லோருக்கும் உண்டு, இல்லாவிட்டால் நமக்கு உடம்பு இல்லை. வழக்கமாகச் சக்கையைத் தின்று வாழ்கிறவை அவை. அவற்றுக்குத் தினமும் கல்யாண விருந்து போட்டால், அமிலம் தாங்கும் ஒரு சாதி மட்டும் பெருகி மற்றதை ஒடுக்கிவிடுகிறது. அவை சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கழிக்கின்றன. அந்த அமிலத்தில் இரண்டு வகை. ஒரு ஜோடிச் செருப்பைப்போல, பார்க்க ஒன்றாக இருக்கும், இடதும் வலதும் வேறு. நம் உடம்பு செய்வது ஒரு கால் செருப்பு. அதைச் சீக்கிரம் கரைக்க நமக்கு வழி இருக்கிறது. நுண்ணுயிர்கள் மறு காலையும் செய்கின்றன. அதைக் கரைக்க உடம்பு திணறுகிறது. அது ரத்தத்தில் தேங்கும்போது மூளை தடுமாறுகிறது. பரிசோதனைச் சாலையும் ஒரு காலைத்தான் எண்ணும். மறு கால் இருந்தால் அதற்குத் தெரியாது.

பட்டினி கிடந்த போதெல்லாம் ஏன் தெளிந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. மருத்துவமனையிலும் சரி, மருந்து எடுத்த அம்மாள் வீட்டிலும் சரி, என்னைக் குணமாக்கியது வெறும் வயிறு.

அந்த அமிலத்தை நேராக அளக்க இங்கே வழி இல்லாததால், ஒரே ஒரு சோதனை செய்யலாம் என்றார்கள். நான் சம்மதித்தால் மட்டும். நாள் 163, காலை எட்டு மணி. வார்டு கையிருப்பிலிருந்து குளுக்கோஸை டாக்டர் லீலாவே நிறுத்து, கரைத்து, என் கையில் கொடுத்தார். பக்கத்தில் அமிலத்தை முறிக்கும் சோடா உப்பு மருந்து ஊசியில் தயாராக இருந்தது. ஒன்றும் ஆகாது, நாங்கள் இருக்கிறோம் என்றார். அந்த டம்ளரைப் பிடித்திருந்த நேரம் என் வாழ்க்கையிலேயே நீளமானது. என் கணவரைப் பார்த்தேன். அவர் பழக்கத்தில் கையை நீட்டினார், முதல் வாய் தான் குடிக்க. டாக்டர் தடுத்துவிட்டார்.

அரை மணிக்கு ஒரு தரம் என் பெயரும் அன்றைய நாள் எண்ணும் எழுத வேண்டும். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. எட்டரை முதல் பத்து வரை அச்சடித்த மாதிரி இருக்கிறது. பத்தரைக்கு வசந்தா என்ற என் பெயரில் 'ந்' காணவில்லை. பதினொன்றுக்கு வரி சரிந்து தாளுக்கு வெளியே போகிறது. பதினொன்றரைக்கு எழுத்தே இல்லை, சுழி மட்டும். பன்னிரண்டு மணிக்கு டாக்டர் லீலாவை விரலால் சுட்டி, "நீயும் வெச்சிட்டியா?" என்று கேட்டேனாம். வார்டே திரும்பிப் பார்த்ததாம்.

அதற்குப் பிறகு அந்தக் கிருமிகளை ஒடுக்க மருந்து, முதல் சில நாள் பட்டினி, பிறகு முட்டை, மீன், கறி, வேர்க்கடலை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. சோறு ஒரு கைப்பிடி. சர்க்கரையும் குளுக்கோஸும் கஞ்சியும் கிட்டவே வரக்கூடாது. தயிரும் கூடாது, அதிலும் அதே சாதியின் உறவினர்கள் உண்டு. நாள் 172 அன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். பயம் என்னோடு வந்தது. இன்றும் பேச்சில் ஒரு சொல் இடறினால் உள் எண்களை ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறேன்.

நாள் 176. கணவர் கூட வருகிறேன் என்றார். நான் தனியாகத்தான் திருமழிசைக்குப் போனேன். அண்ணி கொழுந்தன் வீட்டுப் பின்பக்கத்தில் சந்தைக்குப் போகும் கீரையைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"தனியாவா வந்த? ஒக்காரு. வெயில்ல இன்னாத்துக்கு வந்த" என்றாள். நான் இரண்டு வார்த்தை பேசியதும், "நாக்கு திருந்திகீது" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு உதாரணம் வரைக்கும் சொன்னேன். யாரும் எதுவும் வைக்கவில்லை, என் குடலே செய்தது, நானும் அம்மாவும் செய்தது பாவம், மன்னித்துவிடுங்கள் என்றேன். அவள் கட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள். இத்தனை தூரம் சுமந்து வந்ததை இறக்கி வைத்துவிட்டேன், இனி அவள் திட்டலாம் அல்லது அழலாம் என்று காத்திருந்தேன்.

"இரு" என்றாள். "குளுக்கோஸுதான் கெடுத்துதுன்ற."

"ஆமா அண்ணி. சர்க்கரை, கஞ்சி, எல்லாம். யார் கொடுத்திருந்தாலும் அதேதான்."

"யார் குடுத்திருந்தா இன்னா? குடுத்தது நான்தானே."

கை நின்றுவிட்டது. வாழை நார் விரலில் பாதி சுற்றியபடி இருந்தது.

"நான் வெக்கலன்னு அம்மன் மேல சத்தியம் பண்ணேன். அந்த ஒண்ண வெச்சிக்கினுதான் நாப்பது நாளா இந்த ஊட்டுல அவங்க பேசற பேச்செல்லாம் கேட்டுகினு, தல நிமிந்து சோறு துன்னேன். இப்ப வந்து, உன் கையாலதான்ற."

அவளுக்கு விடுதலை கொண்டு வருகிறேன் என்று நினைத்துத்தான் பஸ் ஏறினேன். அவளிடம் மிச்சம் இருந்த ஒன்றைப் பறித்துவிட்டேன் என்பது அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"எத்தினி டம்ளர் குடுத்துகிறேன்? நீதான் எல்லாத்தையும் எழுதுவியே. சொல்லு."

நோட்டு மடியிலிருந்த பையில் இருந்தது. நாள் 31 முதல் நாள் 135 வரை, வேளை வேளையாக. ஆஸ்பத்திரியில் சும்மா கிடந்தபோது கூட்டிப் பார்த்திருந்தேன். கூட்டுத்தொகை கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் இருந்தது. அதைப் பார்க்காமலே எனக்குச் சொல்லத் தெரியும்.

"அதெல்லாம் எழுதி வைக்கலை, அண்ணி."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பையைப் பார்த்தாள். பையின் வாய்க்கு வெளியே நோட்டின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளக் கையைத் தூக்கினேன், தூக்கிய கையை அப்படியே நிறுத்தினேன்.

"சரி" என்றாள்.

மிச்சம் இருந்த கீரையைக் கட்டி முடித்தாள். ஐந்து கட்டு. கையை உதறிவிட்டு எழுந்து, தன் தகரப் பெட்டியை வெளியே எடுத்து வைத்து, காட்டுப்பாக்கத்துக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.